கோடையைப் பதிலாகச் சொன்னவள்

"எப்பம்மா பிரான்சுக்குக் கெளம்புற?" என்று யாராவது கேட்டால், கீழ்வீட்டு அக்கா கோடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்வாள்.

"கோடைல தேனீங்க தண்ணி மொண்டாந்து கூட்டுக்குள்ள தெளிச்சு, றெக்கையால விசிறி வுடுமாம். தெரியுமா உங்களுக்கு?" என்பாள். கேட்டவர் "அப்படியா!" என்று வாயைப் பிளப்பார். கொஞ்ச நேரம் தேனீயைப் பற்றிப் பேசுவார். அப்புறம், தான் கேட்டதே மறந்துபோய்க் கிளம்பிவிடுவார். முதல் தடவை இதைப் பார்த்தபோது, அக்காவுக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறதோ என்றுதான் நினைத்தேன். மறையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது அவள் கற்று வைத்திருந்த தப்பிக்கும் வழி என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது இது. புதுச்சேரி சாரத்தில் ஒரு மாடி வீடு. மாடியில் ஒற்றை அறை எனக்கு வாடகைக்கு. கீழே அக்காவும் அவளுடைய மாமனாரும். நான் விழுப்புரம் பக்கத்துப் பெண். டவுனில் ஒரு பிரௌசிங் சென்டரில் காலையும் மாலையும் வேலை. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கடையை இழுத்து மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். புதுச்சேரியில் அப்போது பாதிக் கடைகள் அப்படித்தான். அந்த மூன்றரை மணி நேரம்தான் எனக்கும் அக்காவுக்கும் கிடைத்த நேரம்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் சொல்தா தாத்தா. பட்டாளத்துக்காரரை அந்த ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாத மனிதர். நுங்கு சீசனில் தானே போய் வாங்கிவந்து, தானே தோலுரித்துக் கிண்ணத்தில் போட்டு மருமகளுக்குக் கொடுப்பார். ஆனால் காலை பத்து மணி அடித்தால் வீட்டு ஜன்னல் அத்தனையையும் மரக்கதவோடு சாத்திவிடுவார். சாயங்காலம் ஐந்துக்குத்தான் திறப்பார்.

"பிரான்சுல கோடைன்னா ஜன்னலை மூடுவான். வெயில் வெளிய நிக்கும். நாமதான் தொறந்து வெச்சுக்கினு வேகுறோம்" என்பார்.

அந்த ஊர் வெயிலுக்கு அது எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நடுப்பகலில் லைட் போட்டுத்தான் அரிசி களைய வேண்டியிருக்கும். பகல் சாப்பாடானதும் அவர் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்துவிடுவார். அப்புறம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. வாசல் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. ஆனால் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கிறீச். எண்ணெய் போடலாமே என்று கேட்டேன். "வேணும்னுதான் போடாம வெச்சிருக்காரு" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

நாங்கள் பின்பக்க சமையலறையில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவோம். அக்காவின் குரலை முழு அளவில் நான் கேட்டது ரொம்பக் குறைவு.

அவள் கதை நீளமில்லை. பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் பிரான்சிலிருந்து ஊர்க்காரர்கள் வகான்ஸுக்கு வந்து இறங்குவார்கள். வகான்ஸ் என்றால் அவர்களுடைய கோடை விடுமுறை. பெண் பார்ப்பது, நிச்சயம், மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது, கல்யாணம் எல்லாம் அந்த விடுமுறைக்குள்ளேயே ஓட்டமும் நடையுமாக முடிந்தாக வேண்டும். அப்படி வந்த ஒருவருக்கு இவளைக் கட்டிக் கொடுத்தார்கள். இருபத்து மூன்று நாள் கூட இருந்தார். இருபத்து நான்காம் நாள் விமானம் ஏறினார். விசா பேப்பர் வந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு.

பேப்பர் வரும் வரை பெண் மாமனார் வீட்டில்தான் இருக்க வேண்டும். வெளியே சுற்றக்கூடாது, யாரோடும் ரொம்பப் பழகக்கூடாது. பிடிக்காத எவராவது கான்சுலேட்டுக்கு மொட்டை பெட்டிஷன் போட்டுவிடுவார்கள் என்று அந்தக் குடும்பங்களில் அப்படியொரு பயம். "எப்ப கெளம்புற" என்று கேட்பவருக்குத் தேதி சொன்னாலும் கண்ணு படும், தேதி தெரியாது என்றாலும் பேச்சு கிளம்பும். அதனால்தான் தேனீ.

இந்த விஷயங்கள் எல்லாம் அவளுக்கு ஒரு தகர டப்பாவிலிருந்து வந்தன. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கொண்டுவந்த மிட்டாய் டப்பா. ஒவ்வொரு மிட்டாய்த் தாளின் உள்பக்கமும் பிரெஞ்சில் ஒரு வரி அச்சாகியிருந்தது. கோடைக்கென்று போட்ட டப்பா போலிருக்கிறது, எல்லா வரியும் "ஆன் எத்தே" என்றே ஆரம்பித்தது. கோடையில் என்று அர்த்தம். மிட்டாயை மாமனார் தின்று தீர்த்தார். தாள்களை இவள் நீவி நீவி பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். மொத்தம் முப்பத்தெட்டு.

நான் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏதாவது ஓட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. (ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன். அந்த மொழியில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது ஒன்று.) அக்காவுக்கு இது தெரிந்ததும் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். கையகல அகராதியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடி, "கோடைல ஈபிள் கோபுரம் ஆறு அங்குலம் வளருதாம்கா. இரும்பு சூட்டுல விரியுதுல்ல" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாரோ அவளுக்கென்று கடிதம் எழுதி, நான் அதைப் படித்துக் காட்டியது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ படித்துச் சொன்னேன். அவற்றைத்தான் அவள் கேள்வி கேட்பவர்களிடம் எடுத்துவிட ஆரம்பித்தாள். பூமி சூரியனை விட்டு ரொம்பத் தூரத்தில் இருப்பது ஜூலை மாதத்தில்தான் என்று ஒரு தாளில் வந்தது. பிரான்சில் அப்போதுதான் நல்ல கோடை. அதை அவளால் நம்பவே முடியவில்லை. மூன்று தடவை அகராதியைப் புரட்டச் சொன்னாள்.

"தூரமா இருக்கும்போதா சூடு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"பாரேன். தூரமா போனா ஆறிப்போவும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குமேல் அதைப் பற்றி நான் ஏதும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இன்னொரு தாளில் நத்தை. சில நத்தைகள் கோடை முழுக்க ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு தூங்குமாம். செத்தது என்று நினைத்து ஒரு மியூசியத்தில் அட்டையில் ஒட்டி வைத்த நத்தை நாலு வருஷம் கழித்து எழுந்து ஊர ஆரம்பித்ததாம். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "அப்போ நீயும் நத்தைதான்கா. ஜன்னலைச் சாத்திக்கினு படுத்துக் கெடக்குற" என்று கிண்டலடித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்தாள். "நாலு வருஷமா?" என்று மட்டும் கேட்டாள். அன்று நான் மாடிக்கு வந்து என் வாயில் நானே ரெண்டு போட்டுக்கொண்டேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கூடை தூக்கி வரும். எவருக்கும் பயப்படாத பிறவி. சொல்தா தாத்தாவையே "இன்னா பெரிசு, இன்னும் ஜன்னலைத் தொறக்கலியா" என்று கேட்கும். ஒரு நாள் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே, "ஏங்கண்ணு, உன் ஊட்டுக்காரன் உன்னைக் கூப்புட்டுக்கவே மாட்டானா?" என்று அக்காவிடம் நேராகக் கேட்டுவிட்டது.

அக்கா சளைக்கவில்லை. "ஆயா, கோடைல மணலு சூடாயிருந்தா ஆமை முட்டைல எல்லாம் பொட்டையாத்தான் பொறக்குமாம், தெரியுமா?"

மீன்காரம்மா கத்தியை நிறுத்தியது. அசந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

"அது எனக்குத் தெரியாது கண்ணு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு சொல்லட்டா? எங்க பக்கம் ராவுல கரையேறி முட்டை போட வர்றது பூராவும் பொட்டைதான். ஆம்பளை ஆமை குஞ்சா இருக்கும்போது தண்ணிக்குள்ள போச்சுன்னா போனதுதான். அப்பால கரைப் பக்கமே வராது."

சொல்லிவிட்டு மீனைக் கழுவிப் போட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தம்மா குத்திக் காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான். முப்பத்தெட்டுத் தாளிலும் இல்லாத விஷயம். அக்கா அன்று மீன் குழம்பில் உப்பே போடவில்லை. சொல்தா தாத்தா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

முதல் வருஷ ஆகஸ்டில் அவள் வீட்டுக்காரர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் போன் வரும். மாமனாருக்குப் போனில் மட்டும் சரியாகக் கேட்காது, அதனால் ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருப்பார். மாடிப்படியில் உட்கார்ந்தால் எனக்கே எல்லாம் கேட்கும். அப்பாவோடு பத்து நிமிஷம் பேசுவார். கடைசியில் இவளிடம், "எப்படி இருக்க, அங்க வெயில் எப்படி?" என்பார். "இங்க இன்னிக்கு நல்ல வெயில்" அல்லது "இங்க செம குளிர்." வெயிலும் குளிரும் சொல்லி முடிப்பதற்குள் போன் கார்டு தீர்ந்துவிடும்.

இரண்டாவது கோடையில், கத்திரி முடிந்த கையோடு, கான்சுலேட்டிலிருந்து இவளை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வீடே விழாக்கோலம். சொல்தா தாத்தா மத்தியானத் தூக்கத்தையே விட்டுவிட்டார்.

"ரெண்டு வார்த்தை பிரெஞ்சுல பேசிடு. அவன் அசந்துபுடுவான். மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்றார்.

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருக்கிற பிரெஞ்சு எல்லாம் மிட்டாய்த் தாளில் இருந்ததுதான். பத்து நாள், தினமும் மத்தியானம், நான் அவளுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கே சரியாக வராத உச்சரிப்பு. "ஆன் எத்தே, லா தூர் எஃபெல்..." என்று அவள் அம்மி அரைக்கிற தாளத்தில் சொல்வாள். பெரியவர் கட்டிலில் இருந்தபடியே தப்பைத் திருத்துவார். அந்தப் பத்து நாள் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். பெரியவர் வெளித்தாழ்வாரத்தில் திரும்பத் திரும்ப என்னென்னவோ கேட்டார். "இன்னொரு வாட்டி கூப்புடுறாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிரெஞ்சே கேக்கல பொண்ணு. பக்கத்துல தமிழ் சொல்றதுக்கு ஒருத்தர் இருந்தாரு. உன் ஊட்டுக்காரர் காலைல இன்னா சாப்புடுவாருன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியலன்னேன். வேலைக்கு எதுல போவாரு, பஸ்ஸா, ரயிலான்னாங்க. தெரியல. அவருக்கு நெருங்கின சிநேகிதர் யாரு. தெரியல. நீ போய் இருக்கப் போற ஊட்ல எத்தினி ஜன்னல்னு கேட்டாங்க."

கொஞ்ச நேரம் புடவை ஜரிகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எதுவுமே சொல்லாம உக்காந்துக்கினு இருந்தா அசிங்கமா இருக்குதேன்னு, ஈபிள் கோபுரத்தைச் சொல்லிட்டேன். பிரெஞ்சுல. முழுசா. தப்பில்லாம சொன்னேன் பொண்ணு. கேள்வி கேட்ட வெள்ளைக்காரம்மா சிரிச்சாங்க. நல்ல மாதிரியாத்தான் சிரிச்சாங்க. அதான் எனக்குத் தாங்கல."

பத்து நாளில் நாங்கள் அவளுக்குக் கோபுரத்தையும் தேனீயையும் நத்தையையும் மனப்பாடம் செய்ய வைத்தோம். கட்டிய புருஷனைப் பற்றி ஒரு விஷயமாவது தெரியுமா என்று கேட்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, பெரியவர் பேசி முடித்ததும் அக்கா ரிசீவரை வாங்கிக்கொண்டாள். என்னையும் கீழே வரச் சொல்லியிருந்தாள்.

"உங்க ஊட்ல எத்தினி ஜன்னல்?"

"எதுக்கு?" ஸ்பீக்கரில் அவர் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"கான்சுலேட்ல கேட்டாங்க."

"ரெண்டுன்னு சொல்லு."

"ரெண்டுதானா?"

"ஏதாவது ஒண்ணு சொல்லேன். அவன் இன்னா வந்து எண்ணியா பாக்கப் போறான்?"

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "சரி, அது போவட்டும். எனக்கு எத்தினி தம்பி? நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

ஸ்பீக்கரில் எங்கோ ஒரு கார் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர், "இங்க இன்னிக்குச் செம வெயில் தெரியுமா, பார்க் பூரா ஜனம்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்விக்குக் கோடையைப் பதிலாகச் சொல்கிறவள் இவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கோபத்தில் அவள் காது மடல் சிவந்திருந்தது.

புதன்கிழமையோ வியாழக்கிழமையோ மத்தியானம் அவள் என் அறைக்கு மாடியேறி வந்தாள். அதற்கு முன் அவள் மேலே வந்ததே இல்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். என் கட்டிலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதினாள். நாலைந்து வரிதான். தன் வீட்டுக்காரரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, தன்னைப் பற்றி அவருக்கும் எதுவும் தெரியாது, அதனால் தனக்கு விசா வேண்டாம், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று கான்சுலேட்டுக்கு.

"அக்கா, அவசரப்படாத. இன்னொரு வாட்டி கூப்புடுறேன்னாங்கல்ல? எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கினு போனா பாஸாயிடலாம்" என்றேன்.

"பாஸாயிடலாம்" என்றாள். "அப்புறம் அங்க போயி?"

அட்டையில் தாளை நேராக்கி வைத்துக்கொண்டாள்.

"இங்கயாச்சும் நீ மாடில இருக்க. மீன்காரம்மா வருது. அங்க அந்த ரெண்டு ஜன்னலையும் சாத்திட்டா எனக்கு யாரு பொண்ணு இருக்காங்க?"

தாளின் கீழே தன் பெயரை முழுசாக எழுதி, அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். போடாதே, இந்த ஊரில் யாரும் பெயர் போட்டு எழுதமாட்டார்கள் என்று தடுத்துப் பார்த்தேன். "என் விஷயத்தை நான் எழுதுறேன். எவரோ எழுதுன மாதிரி எதுக்குக் குடுக்கணும்?" என்றாள். அவளுடைய பெயரை அவள் எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதிவிட்டாள். நான் இங்கே எழுதப்போவதில்லை.

அன்றைக்கே கீழே போய் ஒரு பையில் நாலு புடவை எடுத்து வைத்தாள். பைபிளை எடுத்துக்கொண்டாள். உள்ளே இருந்த தாள்களை என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்தபோது அது தெரு முழுக்கக் கேட்க அலறியது. பெரியவர் முழித்துக்கொண்டிருப்பார், நிச்சயம். வெளியே வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நானும் நடந்தேன். வழியில் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டாள். கத்திரி முடிந்தும் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா வீட்டுக்குப் போகும் பாகூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "பெரியவருக்கு ராவுக்கு ரசம் இருக்குது. சூடு பண்ணிக் குடுத்துடு" என்று உரக்கச் சொன்னாள். கனத்த குரல். எனக்கு அது புதிது. அந்த நிமிஷம் அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ராத்திரிக்கு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். "கான்சுலேட்ல இன்னாதான் கேட்டாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் கேட்டும் அவள் சொல்லாததை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாப்பாடு, பஸ்ஸா ரயிலா, சிநேகிதர், ஜன்னல். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், "எனக்கும் ஒண்ணும் தெரியாதும்மா. பதினோரு வருஷமா அங்க இருக்கான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் போய்விட்ட விஷயத்தைச் சொல்லப்போகிறார், பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"டேய், உன் ஊட்ல எத்தினி ஜன்னல்டா?" என்றார் பெரியவர்.

"இன்னா பப்பா, நீயுமா? இங்க இன்னிக்கு..."

"வெயிலைப் பத்திப் பேசாத. எழுந்து போயி எண்ணிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

ஸ்பீக்கரில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காலடி கேட்டது. தூரத்திலிருந்து, சின்னப் பையன் மாதிரி, அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார்.